பழைய வழியில் வந்த பதில்

எங்கள் கண்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அக்காவுக்கு மட்டும் கிடையாது. அவரைவிட வயதில் மூத்த அதிகாரிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த உறையின் மேல் 'அக்கா, கண்ட்ரோல் ரூம்' என்றே எழுதியிருந்தது. அது நேராக அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. நகரைச் சுற்றிப் பல இடங்களில் நீரேற்று நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பெரிய தொட்டி, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளக்கும் கருவி, அந்த அளவை எங்களுக்கு அனுப்ப ஒரு ரவுட்டர். கைப்பெட்டி அளவில் ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் தொட்டி வழிகிறதா, காய்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. பேசுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அக்காவின் வேலை. கேட்பதற்கு ஒரு கமாண்ட் உண்டு, பிங் என்று பெயர். இங்கிருந்து 'இருக்கியா?' என்று போகும், அங்கிருந்து 'இருக்கேன்' என்று வரும். போய்வர எத்தனை நேரம் பிடித்தது என்பதும் பக்கத்திலேயே ஓர் எண்ணாக விழும்.

"நாள் பூரா இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கத்தான் எங்கப்பா என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சாரு" என்பார் அக்கா. "வீட்டுல இருக்கிறவங்களை ஒரு நாள் இப்படி விசாரிச்சிருப்பேனா?"

அவருடைய அப்பா கல்குவாரியில் ஜல்லி அள்ளியவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அக்காதான். எங்கள் வீட்டில் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேலையில் சேர்ந்த வாரமே என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்து ஒரு அட்டையில் எழுதி மேஜையில் நிறுத்தி வைத்தேன். அன்றிலிருந்து அக்காவுக்கு நான் பட்டதாரி.

"வச்சிக்கோ, வச்சிக்கோ. என் மேஜையிலயும் இருந்துச்சு. ஏசி ஒழுகி எழுத்தெல்லாம் ஊறிப் போச்சு."

ஏசி ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை. அதன் அடியில் ஒரு வாளி இருக்கும். வாளி நிறைந்தால் யார் ஊற்றுவது என்பதில்தான் எங்கள் அறையில் பெரிய சண்டைகள் நடக்கும். ரவுட்டர்களுக்கும் கணினிகளுக்கும் சூடு ஆகாது என்பதால் அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அக்கா தன் கணவரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை நீளமாக இருக்கும், தட்டச்சு செய்யும்போது மடித்து மடித்து விட்டுக்கொள்வார். உறவுக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது, 'அவளுக்கென்ன, ஏசி ரூம் வேலை' என்பார்களாம். விசேஷ வீடுகளுக்குப் போனால் ஆளாளுக்குக் கைப்பேசியை நீட்டுவார்களாம்: 'கொஞ்சம் பாரேன், எங்க வீட்ல நெட்டு வரமாட்டேங்குது.'

அவருடைய வீடு இந்த நகரத்தில் இல்லை. பேருந்தில் அரைநாள் தூரத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் அங்கே சொந்தமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சேர்த்துக்கொண்ட வாடிக்கை, அதை விட்டுவிட்டு வர முடியாது. மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, கட்டிலிலேயே இருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. இங்கே பெண்கள் விடுதியில் ஓர் அறையை இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொண்டு அக்கா இருந்தார். வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை போய் ஞாயிறு இரவு கிளம்பி வருவார். திங்கட்கிழமை காலையில் அவர் அறைக்குள் வரும்போது, பேருந்து சன்னல் கம்பியின் தடம் சில சமயம் கன்னத்தில் இருக்கும்.

அவர் போய் இறங்கியதும் மகள் வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கத்துவாளாம்: "அப்பா, விருந்தாளி வந்தாச்சு! நல்ல போர்வையை எடுங்க!"

இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரிப்பார். கேட்கும் நமக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

அந்த ஊரிலும் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கிளை இருந்தது, ஒரேயொரு நெட்வொர்க் பணியிடத்தோடு. அங்கே இருந்தவர் ஓய்வு பெறும்வரை அக்கா வருஷா வருஷம் மாறுதல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நீரேற்று நிலையங்களை எல்லாம் புதிய கேபிளில் ஒரு வளையமாக இணைக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வளையத்தைச் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அக்காவை விடுவிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் அவர் விடுபடவில்லையென்றால், அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இன்னொரு முறை அந்த நாற்காலி காலியாக அக்கா பாட்டியாகிவிட வேண்டும்.

கேபிள் வேலை இழுத்துக்கொண்டே போய், சோதனை அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்து நின்றது.

அக்கா அன்று பெட்டியோடு வேலைக்கு வந்தார். விடுதி அறையைக் காலி செய்துவிட்டார். சாயங்காலப் பேருந்துக்கு இடம் போட்டாயிற்று. பெட்டியை வாளிக்குப் பக்கத்தில் வைத்தவர், யோசித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இதுவும் ஊறிப் போச்சுன்னா எம் பொண்ணு வாசல்லயே நிறுத்திடுவா."

கேபிள் போட்ட ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. எதைக் கேட்டாலும், 'எல்லாம் பச்சையா இருக்கு சார்' என்பார். திரையில் பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் பழுது. எங்கள் அதிகாரிக்குப் பெயர் முத்திரை சார். அலுவலக முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அந்தப் பை எப்போதும் நீலமாகக் கறைபட்டிருக்கும்.

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் பிங். இதுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சோதனை. பச்சை அதை மதியத்துக்குள் முடித்துவிட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"எல்லாம் பச்சை சார்."

முத்திரை சார் கையைப் பையில் விட்டார். "அக்கா, ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. உங்களை விடுவிக்கிற ஆர்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கு. குத்திக் குடுத்துடறேன்."

அக்கா ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். பச்சை சோதித்தது பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில். அக்கா கேட்டது பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் கருவிகளிலிருந்து. இந்த நிலையத்துக் கருவி பேசினால் அந்த நிலையத்துக் கருவிக்குக் கேட்கிறதா? அந்த வழியாகத்தானே தொட்டி அளவு வர வேண்டும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில்கள் வரிசையாக விழுந்தன. எல்லாம் வந்தன. மேட்டுத்தொட்டி நிலையத்திலிருந்தும் வந்தது. ஆனால் அதன் பக்கத்தில் விழுந்த எண் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு தாமதம் இருக்கும்.

அக்கா இன்னொரு முறை கேட்டார். அதே தாமதம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சுத்திக்கிட்டு வருது."

பிங் சொல்வது பதில் வந்ததா என்பதை மட்டும். எந்த வழியாக வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ட்ரேஸ் என்று இன்னொரு கமாண்ட் போட வேண்டும். அது கடந்து வந்த ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் வரிசையாகச் சொல்லும். அக்கா அதைப் போட்டார். மேட்டுத்தொட்டியின் பேச்சு புதிய வளையத்தில் வரவே இல்லை. இன்னும் கழற்றாமல் விட்டிருந்த பழைய லைனில், நகரத்தின் அந்தக் கோடிவரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பழைய லைனைத் திங்கட்கிழமை வெட்டுவதாக ஏற்பாடு. வெட்டினால் மேட்டுத்தொட்டிக்குப் பேச்சு மூச்சு இருக்காது.

பச்சை எட்டிப் பார்த்தார். "அக்கா, ட்ரேஸ் எல்லாம் நம்ம டெஸ்ட் ஷீட்லயே இல்லையே. பிங் போகுதா, பிங் வருதா, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் தம்பி."

"அப்புறம் என்னக்கா? பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி குறை தேடுறீங்க."

முத்திரை சாரின் கை இன்னும் பையில்தான் இருந்தது. அவர் அக்காவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இது தேவையா அக்கா? திங்கக்கிழமை வெட்டறதுக்கு முன்னாடி பட்டதாரி பார்த்துக்க மாட்டானா?"

"நான் பார்த்துக்கறேன்க்கா, நீங்க கிளம்புங்க" என்று நானும் சொன்னேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை தெரியும்.

"தெரியும்டா, நீ பார்ப்ப." அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "பார்த்துட்டு, எதுக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்போம்னு ஃபோன் பண்ணுவ. நான் எங்க மாமனாருக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டே ஒரு கையில ஃபோனை வச்சுக்கிட்டு, அந்தப் பெட்டியில அந்த வரியைப் பாருன்னு சொல்லணும். வேணாம்பா. இங்கயே முடிச்சிட்டுப் போறேன். அந்த வீட்டுக்குள்ள இந்த வேலை வரக்கூடாது."

பழுது சின்னதுதான். மேட்டுத்தொட்டிப் பெட்டி தன் உள்வீட்டு விலாசத்தை, அதாவது தன்னோடு இணைந்த கருவியின் விலாசத்தை, பழைய லைனுக்கு மட்டும் சொல்லியிருந்தது, புதிய வளையத்துக்குச் சொல்லவில்லை. ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் சேர்த்த பிறகு பழைய லைனை ஒரு நிமிடம் மூடிப் பார்த்தால்தானே சரியாகிவிட்டதா என்று தெரியும். அங்கேதான் ஆபத்து. நாம் உட்கார்ந்திருப்பது இங்கே, பெட்டி இருப்பது மேட்டில். தவறான கதவை மூடிவிட்டால் நாம் உள்ளே போகவும் முடியாது, மறுபடி திறக்கவும் முடியாது. யாராவது வண்டி பிடித்து மேடேறிப் போக வேண்டும்.

அதற்கு எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு கட்டுவது என்று சொல்லுவோம். கிணற்றுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு மாதிரி. தூரத்துப் பெட்டியில் கை வைக்கும் முன்னால், 'இன்னும் கால் மணி நேரத்தில் நீயே அணைந்து மறுபடி எழுந்திரு' என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்துவிடுவோம். நாம் ஏதாவது சொதப்பி வெளியே மாட்டிக்கொண்டாலும், கால் மணி கழித்து அது எழும்போது நாம் செய்த மாற்றம் எதுவும் அதற்கு நினைவிருக்காது. பழையபடி நிற்கும். வேலை நல்லபடியாக முடிந்தால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கயிற்றை அவிழ்க்க வேண்டும், அதாவது அந்தக் கட்டளையை ரத்து செய்ய வேண்டும். செய்த மாற்றத்தைச் சேமிக்க வேண்டும்.

"கயிறு கட்டியாச்சு" என்றார் அக்கா.

ஒரு வரி தட்டினார். பழைய லைனை மூடினார். வாளியில் ஏசி சொட்டுவது கேட்டது. பிங் போட்டார். பதில் வந்தது, இந்த முறை எண் சின்னது. ட்ரேஸ் போட்டார். புதிய வளையத்தின் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பழைய லைனை மறுபடி திறந்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் முத்திரை சார். "இதுக்கா இவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்?"

"நீங்க பிடிச்சதால்தான் சார் வந்துச்சு" என்றார் பச்சை.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கைப்பேசி அடித்தது. மகள். அக்கா சன்னலோரம் போனார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"வர்றேன்டி... சத்தியமா... இல்ல, திரும்பி வரமாட்டேன், அங்கயே... பெட்டி எல்லாம் எடுத்தாச்சு... ஏன்டி அழுவுற? அப்பாகிட்ட குடு... இல்ல, குடுக்காத, நீயே பேசு... அலமாரியில எனக்கு எந்தத் தட்டு? மேல் தட்டா? எட்டாதேடி எனக்கு."

அவள் கேலி பேசித்தான் நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். அழுவாள் என்று எனக்குத் தெரியாது. முத்திரை சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையில் இல்லாத எதையோ படித்தார். பச்சை தன் ஷூவின் கயிற்றைக் கட்டினார். அக்கா பேசி முடித்து, சன்னலைப் பார்த்தபடி ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முத்திரை சார் ஆர்டரை விரித்து வைத்து, முத்திரையை எடுத்து அதன் அடிப்பாகத்தில் ஊதினார். அது அவர் பழக்கம்.

மேட்டுத்தொட்டி சிவப்பானது.

அலறும் மணி ஒன்று உண்டு எங்கள் அறையில், அதுவும் அடித்தது. அக்கா திரையைப் பார்த்தார். பார்த்த அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. கயிறு அவிழ்க்கப்படவில்லை. கால் மணி ஆகிவிட்டது. சொன்ன சொல் தவறாமல் அந்தப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

மேஜைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். மேட்டுத்தொட்டியின் பம்ப் ஆபரேட்டர், எங்கள் எல்லோருக்கும் மாமா.

"டேய் பட்டதாரி, பெட்டியில லைட்டெல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுடா! நான் கிட்டக்கூடப் போகல. டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்!"

"என்ன ஆச்சு?" என்றார் முத்திரை சார். முத்திரை காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "இப்பத்தானே சரி பண்ணீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பச்சை முந்திக்கொண்டார். "கரண்ட் போயிருக்கும் சார். மேட்டுப் பக்கம் எப்பவும் அப்படித்தான்."

"கரண்ட்டா அக்கா?"

என் காதில் மாமா, "ஃபேன் சுத்துதுடா, கரண்ட் இருக்கு, பெட்டி மட்டும்தான்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவை எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கேபிளைத் தவறான துளையில் செருகிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். இப்போதும் சொல்லிவிடுவார் என்று எண்ணினேன். அவர் முத்திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமில்லை, தந்திரமில்லை. பேருந்திலிருந்து இறங்கி வரும் திங்கட்கிழமைக் காலை முகம் அது.

"இருக்கலாம் சார்" என்றார்.

பெட்டி எழுந்துவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேமிக்காத வரி போய்விட்டிருந்தது. அக்கா மறுபடி அதைத் தட்டினார். இந்த முறை கயிறு கட்டவில்லை, பழைய லைனையும் தொடவில்லை. ட்ரேஸ் புதிய வழியைக் காட்டியது. சேமித்தார். சேமித்ததா என்று பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மேட்டுத்தொட்டி பச்சையானது.

"ஆங், வந்துடுச்சு, எல்லாம் பச்சை" என்றார் பச்சை. முத்திரை சார் ஆர்டரில் முத்திரையைக் குத்தினார். பிறகு எழுந்து நின்று, "நல்லா இருங்க அக்கா" என்றார். வாளி நிறைந்திருந்தது. அவரே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார். அதற்கு முன்னால் அவர் அதைத் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பேருந்து நிலையம்வரை பெட்டியை நான் தூக்கி வந்தேன். கடைகள் வெளிச்சம் போடும் நேரம். நடைபாதையில் பழைய நாற்காலிகளுக்குப் பின்னல் போடுகிறவர் கடையை எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்த பிறகு அக்கா நின்றார்.

"கரண்ட்டுன்னு ரிப்போர்ட் எழுதுவாங்கள்ல?"

"எழுதுவாங்கக்கா."

"கரண்ட் போனா பெட்டி பேட்டரியில ஓடணும். ஏன் ஓடலைன்னு மாமாவைக் கேப்பாங்க. பேட்டரி அவர் பொறுப்பு."

எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாதது நல்லது என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

"விடுங்கக்கா. மாமா சமாளிச்சுப்பாரு. அவரு சமாளிக்காததா?"

"திங்கக்கிழமை காலைல முத்திரை சார்கிட்ட சொல்லிடு. கயிறு கட்டினது நான், அவுக்க மறந்தது நான். கரண்ட்டும் இல்ல, பேட்டரியும் இல்ல."

"நீங்களே இப்ப ஃபோன் பண்ணிச் சொல்லலாமே" என்று வாயில் வந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. "சொல்லலாம். சொன்னா, சரி அக்கா, வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்பாரு. அவர் நல்லவர்தான். ஆனா ஆர்டரைத் திருப்பி வாங்கிப்பாரு. எனக்கு இன்னிக்கு முடியலடா. திங்கக்கிழமை நான் வீட்டுல இருப்பேன். அப்ப என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும்."

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் கை காட்டினேன். கண்ணை மூடிவிட்டார், பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பழைய லைனை வெட்டினோம். மேட்டுத்தொட்டி பச்சையாகவே நின்றது. பத்து மணிக்கு மாமாவுக்குப் போக வேண்டிய கடிதம் தயாராகி முத்திரை சாரின் மேஜைக்கு வந்திருந்தது: மின்தடையின்போது பேட்டரி ஏன் வேலை செய்யவில்லை என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். நான் உள்ளே போய் நின்று, அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

முத்திரை சார் கடிதத்தைக் கையில் எடுத்தார். இரண்டாகக் கிழித்தார்.

"அந்த அம்மா என் மூஞ்சைப் பார்த்து 'இருக்கலாம் சார்'னு சொல்லிச்சு."

"ஆமா சார்."

"இத்தனை வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல." அவர் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. "அதனாலதான் நான் நம்பினேன். ஃபோனைப் போடு. இப்பவே பேசணும். ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு அக்காவின் கணவர் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் வேன் கதவு ஒன்று மெதுவாகச் சாத்தப்படும் சத்தம்.

"தூங்கறாப்பா. சனிக்கிழமை வந்ததுலருந்து தூங்கறா. எழுந்திரிச்சா கொஞ்சம் சாப்பிடறா, எங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசறா, திரும்பப் போய்ப் படுத்துக்கறா. வேலைல சேர நாள் இருக்கில்ல? பொண்ணு ஸ்கூலுக்குப் போகாம பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா, யாரையும் சத்தம் போட விடமாட்டேங்கறா. அவசரமா? எழுப்பட்டுமா?"

நான் முத்திரை சாரைப் பார்த்தேன். அவர் மேஜையின் மேல் இருந்த கிழிந்த காகிதத் துண்டுகளை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேணாம் அண்ணே" என்றேன். "சும்மாதான் பண்ணேன்."

தொலைபேசியை வைத்த பிறகும் அவர் அடுக்கிக்கொண்டே இருந்தார். துண்டுகள் நேராக நின்றதும், புதிய காகிதம் ஒன்றை எடுத்து அக்கா பெயருக்கு விளக்கக் கடிதம் எழுதினார். கடுமையாகத்தான் எழுதினார். பொய் சொன்னதை விடவில்லை. பணிப்பதிவில் குறிப்பு ஏறும் என்றும் எழுதினார். முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார்.

"மெயில்ல ஸ்கேன் பண்ணி அனுப்பிடவா சார்?"

"எதுக்கு?" என்றார். "தபால்ல போடு. சாதாத் தபால். மெதுவாப் போய்ச் சேரட்டும்."